மாலும் ஹோட்டலும் வைத்திருக்கும் ரீட்: யூனிட் வாங்கும் முன் கணக்குப் பார்ப்பது எப்படி

ரீட் (பலரிடம் பணம் திரட்டி, வருமானம் தரும் கட்டடங்களை வைத்திருக்கும் டிரஸ்ட்; அதில் ஒரு பங்குதான் யூனிட்) என்றதும் முதலில் வரும் கேள்வி, "வருஷத்துக்கு எத்தனை சதவீதம் தரும்?" அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ஐ.டி. அலுவலகக் கட்டடத்தில் வாடகை வருகிற விதம் வேறு, மாலில் வேறு. ஹோட்டலிலோ வாடகை என்பதே பெரும்பாலும் கிடையாது. அன்றைக்கு அறை போனால்தான் அன்றைக்குக் காசு. பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சதவீதத்தை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை.

நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். மால்களை மையமாகக் கொண்ட இந்தியாவின் முதல் ரீட் இது. 2023 மே மாதம் யூனிட் 100 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. அப்போது அதன் கையில் 14 நகரங்களில் 17 மால்கள் இருந்தன; டெல்லி செலக்ட் சிட்டிவாக், சண்டிகர் எலான்டே, நம்ம வடபழனி விஜயா மால் எல்லாம் அதில் அடக்கம். கூடவே 354 அறைகள் கொண்ட இரண்டு ஹோட்டல்கள், மூன்று அலுவலகக் கட்டடங்கள்.

பங்குச்சந்தை இணையதளத்திலிருந்து கடைசி ஆண்டறிக்கையையும் காலாண்டு விளக்கக்காட்சியையும் இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் தேட வேண்டியது கடைகளின் விற்பனை. காரணம், மால் ஒப்பந்தத்தில் பொதுவாக இரண்டு வாடகை இருக்கும்: ஒன்று குறைந்தபட்ச உத்தரவாத வாடகை, இன்னொன்று விற்பனையில் பங்கு. எது அதிகமோ அதைக் கடைக்காரர் கட்டுவார்.

ஒரு கடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குறைந்தபட்ச வாடகை சதுர அடிக்கு மாதம் 150 ரூபாய், விற்பனைப் பங்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் ரீட்டுக்கு 200 ரூபாய். விற்பனை 1,200க்கு இறங்கினால் பங்கு 120தான். ஆனால் உத்தரவாதம் இருப்பதால் 150 வந்துவிடும். 800க்கு இறங்கினாலும் காகிதத்தில் அதே 150தான். அங்கேதான் ஏமாறுகிறோம். அந்தக் கடைக்காரருக்கு வாடகை மட்டுமே விற்பனையில் கிட்டத்தட்ட 19 சதவீதம். பொதுப் பராமரிப்புக் கட்டணம் தனி. லாக்-இன் (கடையைக் காலி செய்ய முடியாத ஒப்பந்தக் காலம்) முடிந்த மறுநாளே வாடகையைக் குறைக்கச் சொல்வார், இல்லாவிட்டால் காலி செய்வார். ஆகவே வாடகை வருமானம் ஏறியிருக்கிறதா என்பதைவிட, சதுர அடி விற்பனை வாடகையோடு சேர்ந்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாலில் எவ்வளவு பரப்பு வாடகைக்குப் போயிருக்கிறது என்ற நிரம்பிய விகிதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒப்பந்தம் போட்ட பரப்பு வேறு, கடை திறந்து வியாபாரம் நடக்கும் பரப்பு வேறு. உள்வேலை நடக்கும் மாதங்களில் வாடகை வராது. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் இரண்டாவது எண்ணையே நம்புங்கள்.

அடுத்து ஹோட்டல். மொத்த நிகர இயக்க வருமானத்தில் (கட்டடங்களை நடத்தும் செலவு போக மிஞ்சுவதில்) அதன் பங்கு எவ்வளவு? பத்தில் ஒரு பங்குக்கும் கீழே என்றால் அதற்காக மண்டையைக் குடைய வேண்டாம். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நீங்கள் வாங்குவது ஹோட்டல் தொழிலை. சராசரி அறைக் கட்டணத்தை நிரம்பிய விகிதத்தால் பெருக்கினால் இருக்கிற ஒவ்வோர் அறைக்குமான வருமானம் கிடைக்கும். 10,000 ரூபாய், 70 சதவீதம் என்றால் 7,000. மந்தக் காலத்தில் 9,000, 50 சதவீதம் என்றால் 4,500. கட்டணம் பத்து சதவீதம்தான் குறைந்தது. வருமானமோ 36 சதவீதம் விழுந்துவிட்டது. சம்பளமும் மின்கட்டணமும் அந்த அளவுக்குக் குறையாததால் லாபம் இன்னும் மோசமாக அடிபடும்.

சில ரீட்கள் ஹோட்டலை மொத்தக் குத்தகைக்கு விட்டுவிட்டு "வாடகை உறுதி" என்பார்கள். குத்தகைதாரர் யார் என்று பாருங்கள். 2019 மே மாதம் 78 அமெரிக்க சென்ட்டுக்குச் சிங்கப்பூர் சந்தைக்கு வந்த ஈகிள் ஹாஸ்பிடாலிட்டி டிரஸ்ட்டிடம் அமெரிக்காவில் 18 ஹோட்டல்கள் இருந்தன. குத்தகைக்கு எடுத்தவை, ரீட்டை உருவாக்கிய தரப்பைச் சேர்ந்த நிறுவனங்களே. 2020 மார்ச்சில் கடன் தவணை தவறியது. 2021 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு அமெரிக்க நீதிமன்றம் போனது. சந்தைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

கடனைப் பொறுத்தவரை பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி, சொத்து மதிப்பில் 49 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்திருக்கிறது. 25 சதவீதத்தைத் தாண்டினால் தர மதிப்பீடும் யூனிட்தாரர் ஒப்புதலும் வேண்டும். மாறும் வட்டியில் எவ்வளவு கடன், எந்த வருஷம் திருப்ப வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சதவீதத்துக்கு வரலாம். பகிரக்கூடிய நிகரப் பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தைக் கொடுத்தாக வேண்டும். சொத்துகளை ரீட் தன் கீழுள்ள நிறுவனங்கள் வழியாக வைத்திருப்பதால், அது வட்டி, டிவிடெண்ட், கடன் திருப்பம் (அந்த நிறுவனங்கள் ரீட்டிடம் வாங்கிய கடனைத் திருப்புவது) என்று பிரிந்து வரும். வட்டி உங்கள் வருமான வரி அடுக்குப்படி; டிவிடெண்டுக்கு வரி உண்டா இல்லையா என்பது, சொத்தை வைத்திருக்கும் நிறுவனம் சலுகை வரி விகிதத்தைத் தேர்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வட்டி, வரிக்கு உட்பட்ட டிவிடெண்ட் இரண்டிலும் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள்.

வாங்க டீமேட் கணக்கு போதும், ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். நெக்ஸஸ் என்றால் என்.எஸ்.இ.யில் என்எக்ஸ்எஸ்டி (NXST) என்று தேடுங்கள். பின்னால் ஆர்ஆர் என்று இருக்கும். வர்த்தகம் மெலிந்த நாட்களில் விலை துள்ளும் என்பதால் மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், நீங்கள் சொல்லும் விலையைத் தாண்டாத லிமிட் ஆர்டர் போடுங்கள். பகிர்வு வேண்டுமென்றால் ரெக்கார்ட் தேதிக்கு (யாரிடம் யூனிட் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் நாளுக்கு) ஒரு வர்த்தக நாள் முன்பாவது வாங்கியிருக்க வேண்டும். அன்றைக்கே வாங்கினால் யூனிட் மறுநாள்தான் கணக்கில் ஏறும், பகிர்வு கிடைக்காது.

கடன் திருப்பம் என்று வரும் தொகையைப் பார்த்து முதலையே திருப்பித் தருகிறார்கள் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அதுவும் வாடகைப் பணம்தான். கைக்கு வரும்போது வரி இல்லை, ஆனால் வாங்கிய விலையிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். 100 ரூபாய்க்கு வாங்கி, வருஷம் 3 ரூபாய் வீதம் நான்கு வருஷம் அப்படி வந்திருந்தால் வரிக் கணக்கில் உங்கள் அடக்கவிலை 88. 110க்கு விற்றால் ஆதாயம் 10 அல்ல, 22. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மற்றப் பங்கு ஆதாயங்களோடு சேர்த்து 1.25 லட்சம் ரூபாயைத் தாண்டிய பகுதிக்கு 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் 20 சதவீதம். புரோக்கர் செயலி காட்டும் லாபத்தில் இந்தக் கழிவு இருக்கும் என்று நம்பாமல், ஒவ்வொரு காலாண்டுப் பகிர்வு அறிவிப்பையும் சேமித்து வைத்து நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.