பழைய ஜப்பானிய வீடியோ கேம்களில் பெயர் இல்லாதவர்கள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸை கடைசிவரை ஆடி முடித்தாலும், அதைச் செய்தவர்களில் ஒருவர் பெயரும் திரையில் வராது. அடுத்த வருடம் வந்த செல்டாவில் பெயர்கள் உண்டு. ஆனால் 'எஸ். மியாஹோன்', 'டென் டென்', 'கொன்ச்சான்' என்று இருக்கும். ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா, கோஜி கொண்டோ ஆகியோர்தான் அவர்கள். இந்த கேம்களை வெளியிட்ட நிண்டெண்டோ நிறுவனத்தின் தலைவர் யமவுச்சியின் பெயர் மட்டும் திரியாமல் இருக்கிறது.

இதைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் சறுக்குவது, "ஜப்பானியர்கள் அடக்கமானவர்கள், பெயருக்கு ஆசைப்பட மாட்டார்கள்" என்று முடித்துவிடும் இடத்தில். இது தவறு என்பதோடு அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட. அதே ஜப்பானில் மங்கா என்னும் காமிக்ஸ் புத்தகத்தின் அட்டையிலேயே வரைந்தவர் பெயர் இருக்கும். எனிக்ஸ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட டிராகன் குவெஸ்டில் கதைக்கு யூஜி ஹோரி, பாத்திர வடிவமைப்புக்கு அகிரா தோரியாமா, இசைக்கு கோயிச்சி சுகியாமா என்று சொந்தப் பெயர்களே வருகின்றன. மறுபக்கம், அமெரிக்காவில் அட்டாரி என்ற கேம் நிறுவனமும் பெயர் போட மறுத்தது. அதனால்தான் வாரன் ராபினெட் 'அட்வென்ச்சர்' கேமில் ஒரு ரகசிய அறை கட்டி அதற்குள் தன் பெயரை ஒளித்துவைத்தார். பெயரும் பங்கும் கிடைக்காத கோபத்தில் அட்டாரியை விட்டுப் போன நிரலாளர்கள் 1979-இல் ஆக்டிவிஷன் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆக, இது நாட்டின் குணம் இல்லை, முதலாளிகள் எடுத்த முடிவு.

"மெமரி பத்தவில்லை" என்பதையும் முழுக் காரணமாகச் சொல்லாதீர்கள். சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட்தான், இட நெருக்கடி உண்மை. ஆனால் புனைபெயருக்கும் அதே அளவு இடம் வேண்டுமே! புனைபெயர் போட இடம் இருந்த கேமில் சொந்தப் பெயர் போடவும் இடம் இருந்தது.

போட்டி நிறுவனங்கள் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம்தான் பெரிய காரணம். அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களே பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னது இது. பயம் வெறும் கற்பனையும் இல்லை. கோனாமி நிறுவனத்தில் 'டைம் பைலட்' கேமைச் செய்த யோஷிகி ஒகமோட்டோ, 1984-இல் போட்டி நிறுவனமான கேப்காமுக்காக '1942' என்ற கேமைச் செய்தார். கேப்காமில் முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' செய்த தகாஷி நிஷியாமா பிறகு எஸ்.என்.கே என்ற இன்னொரு நிறுவனத்துக்குப் போனார். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' கேமில் அவர் பெயர் 'பிஸ்டன் தகாஷி' என்றுதான் இருந்தது. சரி, காரணம் தெரிந்துவிட்டது என்று அதை நியாயம் ஆக்கிவிடக் கூடாது. பெயர் வெளியே தெரியாத ஆளுக்கு சம்பளம் பேசும் பலமும் குறைவு.

அப்புறம் புனைபெயர்கள். 1986-இன் காசில்வேனியாவை முடித்தால் வரும் பட்டியலில் பெரும்பாலும் திகில் கதை, திகில் பட ஆட்களின் பெயர்களைக் கேலியாக மாற்றி வைத்தவை. 'விராம் ஸ்டோக்கர்' (டிராகுலா நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர்), 'போரிஸ் கார்லாஃபிஸ்' என்று போகும் அந்த வரிசையில் இசைக்கு நேரே நிற்பவர் 'ஜேம்ஸ் பனானா'. பார்ப்பவர் யாரோ ஓர் ஆண் என்றுதான் நினைப்பார். உண்மையில் அந்த இசை கினுயோ யமஷிதா, சதோயே தெராஷிமா என்ற இரண்டு இளம்பெண்களுடையது. உலகம் முழுக்க இன்றும் வாசிக்கப்படும் மெட்டுகள் அவை. எண்பதுகளில் ஜப்பானிய கேம் இசையில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். முதல் ராக்மேன் (வெளிநாடுகளில் 'மெகா மேன்') கேமுக்கு இசையமைத்த மனாமி மத்சுமாயேவும் அவர்களில் ஒருவர். இப்படிப் பெயரை மூடியதில் அவர்கள் இருந்ததே மறைந்துபோனது. அதனால் ஒரு புனைபெயரைப் பார்த்ததும் ஊகித்து ஆளை ஒட்டவைக்காதீர்கள். சம்பந்தப்பட்டவரின் பேட்டியோ, பின்னாளில் வந்த இசைத்தட்டின் குறிப்போ கிடைக்கும்வரை திரையில் இருப்பதை அப்படியே எழுதினால் போதும்.

வெற்றிடம் இருந்தால் தெரிந்த ஒரே பெயரை வைத்து நிரப்புவதும் நடக்கிறது. 1981-இன் டாங்கி காங்கை மியாமோட்டோ தனியாகவே செய்தது போல எழுதுகிறார்கள். வடிவமைத்தவர் அவர்தான், சந்தேகமில்லை. நிரல் எழுதியது இகெகாமி த்சூஷின்கி என்ற வெளி நிறுவனம். அந்த கேமின் நிரல் பதிந்திருக்கும் ரோம் (ROM) சிப்பைப் பிரித்துப் படித்தால், 'இந்த நிரலைப் புரிந்துகொள்ள முடியாவிட்டால் நாங்கள் சொல்லித்தருகிறோம்' என்கிற மாதிரி ஒரு செய்தியும், ஒரு தொலைபேசி எண்ணும், இகெகாமியின் பெயரும் இருக்கும். திரையில் பெயர் கிடைக்காதவர்கள் நிரலுக்குள் போட்டுவைத்த கையெழுத்து அது. நிரலின் உரிமை யாருக்கு என்று இகெகாமி 1983-இல் நிண்டெண்டோ மீது வழக்குப் போட்டது. 1990-இல்தான் சமரசத்தில் முடிந்தது.

கியோட்டோவின் தோசே நிறுவனம் 1979-இலிருந்து இதையே தொழிலாகச் செய்கிறது. மற்ற நிறுவனங்களுக்காக கேம் செய்துகொடுக்கும், தன் பெயரைப் பெரும்பாலும் போட்டுக்கொள்ளாது. அதனால் பழைய கேம் ஒன்றைப் பற்றி எழுதும்போது அட்டையில் இருக்கும் நிறுவனத்தை 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் போடாமல், 'வெளியிட்டவர்' என்று மட்டும் குறியுங்கள். உருவாக்கியவர் இடம் காலியாகவே இருக்கட்டும். சான்றோடு ஒருவர் வரும்போது நிரப்பிக்கொள்ளலாம்.