ராமநாதபுரம் கடற்கரையில் முற்காலப் பாண்டியரைத் தேடிப் பார்ப்பது எப்படி

ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நின்றுகொண்டு, "இதெல்லாம் பாண்டியர் காலத்து வேலை" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரகாரம் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் கட்டியது, 18ஆம் நூற்றாண்டில் முடிந்தது. பெரியபட்டினத்தில் தோண்டும்போது கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளும் 13, 14ஆம் நூற்றாண்டுக் கதை, அது பிற்காலப் பாண்டியர் கணக்கு. நாம் தேடுவது அதற்கும் முந்தியவர்களை. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில், அதுவரை பாண்டிய நாட்டைப் பிடித்திருந்த களப்பிரரை விரட்டி எழுந்த கடுங்கோனில் தொடங்கி, 10ஆம் நூற்றாண்டில் சோழரிடம் விழுந்தவர்கள். இந்தக் கரையில் அவர்களைக் கட்டடத்தில் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். கண்மாயிலும் பாட்டிலும் கல்லெழுத்திலும் தேட வேண்டும், கடைசியாகக் கடலில்.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. வேள்விக்குடிச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதியை ஒரு தடவையாவது படித்துவிடுங்கள். பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில், அதாவது 770 வாக்கில் எழுதியது. மதுரையில் அரசன் வரும்போது நற்சிங்கன் என்கிற ஒருவர் குரல் கொடுத்து முறையிடுகிறார்: உன் முன்னோன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி எங்கள் முன்னோருக்குக் கொடுத்த ஊரைக் களப்பிரர் பிடுங்கிக்கொண்டார்கள், அதைத் திருப்பிக் கொடு என்று. அரசன் "நன்று நன்று" என்று சிரித்து, பழமையைக் காட்டிப் பெற்றுக்கொள் என்கிறான். அவரும் காட்டுகிறார், ஊர் கிடைக்கிறது. பெயர்ப் பட்டியலாக மட்டுமே நாம் கேட்டிருக்கும் ஒரு வம்சம் இந்த இடத்தில் ஆள் உருவம் எடுத்து நிற்கும், அதனால்தான் இதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

சரி, இப்போது கிளம்பலாம். முதலில் கோயிலுக்குப் போகாதீர்கள், ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்குப் போங்கள். எங்கள் பக்கம் "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று சொல்வது இதைத்தான். ராஜசிம்ம பாண்டியன் வெட்டியது என்பது ஊரார் பேச்சு, ஊர்ப் பெயரிலும் அவனே இருக்கிறான். (அந்த வம்சத்தில் ராஜசிம்மன் என்ற பெயர் ஒருவருக்கு மேல் உண்டு, மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.) ஐப்பசி, கார்த்திகையில் போனால் தண்ணீர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒன்றும் தெரியாது. சித்திரை, வைகாசியில் போங்கள். கரையில் யாராவது பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார். "அய்யா, பழைய கல்லு மடை எங்க இருக்கு?" என்று கேட்டால் கையோடு கூட்டிப் போய்க் காட்டுவார்.

இந்தச் சீமையின் பழைய கண்மாய்களில், தண்ணீரை வெளியே விடும் கல் மதகான குமிழித் தூம்பைக் கண்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு உயரமான கல் தூண், நடுவில் குறுக்குக் கல், கீழே தண்ணீர் இறங்கக் கல்லில் குடைந்த துளை. மேலே உள்ள துளை வழியாக நீர் போகும், அது நீரோடி. அடியில் உள்ள துளை சேற்றை இழுத்துக்கொண்டு போகும், அது சேறோடி. கண்மாய் தானே தூர் வாரிக்கொள்கிற மாதிரி ஆயிரம் வருடத்துக்கு முன்னால் யோசித்திருக்கிறார்கள். மழை மூன்று மாதம் கூட ஒழுங்காகப் பெய்யாத இந்த வானம் பார்த்த பூமியில் ஓர் அரசு நின்றது இந்தத் துளைகளை நம்பித்தான் என்பது என் எண்ணம். போர் வெற்றியெல்லாம் அதற்கு அப்புறம்.

தூம்புக் கல்லிலோ கோயில் சுவரிலோ எழுத்து தெரிந்தால், சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள், கல் கெட்டுவிடும். காலை ஏழு மணி வெயிலோ சாயங்கால வெயிலோ சாய்ந்து விழும்போது பாருங்கள், இல்லையென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து தானாக எழும்பி வரும். முற்காலப் பாண்டியர் தமிழை எழுதியது பெரும்பாலும் வட்டெழுத்தில். உருண்டையாக இருக்கும், புள்ளி இருக்காது, முதல் நாள் ஒரு வரி கூடப் பிடிபடாது, அதற்காக விட்டுவிடாதீர்கள். "கோமாறஞ்சடையன்", "கோச்சடையமாறன்" என்கிற இரண்டு அரசர் பெயர்த் தொடரையும் முதலில் பழகுங்கள், சடையனும் மாறனும் மாறி மாறி வருவது இவர்கள் வழக்கம். "யாண்டு நான்கு, இதன் எதிர் ஒன்பது" என்று இருந்தால் இரண்டையும் கூட்டிப் பதின்மூன்றாம் ஆண்டு என்று எடுக்க வேண்டும், இதில் சறுக்காத ஆள் கிடையாது. மீன் சின்னத்தைப் பார்த்ததும் பழசு என்று முடிவு கட்டாதீர்கள், பிற்காலத்தவர்களும் அதே மீனைத்தான் போட்டார்கள்.

பாட்டுக்கு ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். திருவாடானையில் சம்பந்தர், ராமேஸ்வரத்தில் சம்பந்தரும் அப்பரும், திருப்புல்லாணியில் திருமங்கையாழ்வார், உத்தரகோசமங்கையை மனசிலேயே வைத்திருந்த மாணிக்கவாசகர். கட்டடம் பலமுறை மாறியிருக்கிறது, பாட்டு மாறவில்லை. பதிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தந்த ஊரில் நின்று சத்தமாகப் படியுங்கள். சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறியதாகச் சொல்லப்படும் பாண்டியன் நின்றசீர் நெடுமாறனின் காலம்தான் சம்பந்தர் காலம். அதே வம்சத்தின் சின்னமனூர்ச் செப்பேடு, மகாபாரதம் தமிழ்ப்படுத்தியதையும் மதுராபுரிச் சங்கம் வைத்ததையும் முன்னோர் பெருமையாகச் சொல்கிறது. போருக்குச் சமமாகத் தமிழை வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

கடைசி நாள் திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்கு நடந்தே போங்கள். வீழ்ச்சியைப் படிக்கக் கடலைப் பார்த்தபடி உட்காருவதை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் ஈழத்துக்குப் படையெடுத்து அனுராதபுரத்தைக் கொள்ளையிட்டான். கொஞ்ச வருடத்திலேயே ஈழ மன்னன் இரண்டாம் சேனனின் படை திருப்பி வந்து மதுரையில் புகுந்தது. அப்புறம் 880 வாக்கில் திருப்புறம்பியப் போரில் பாண்டியன் இரண்டாம் வரகுணன் தோற்றான், லாபம் சோழனுக்குப் போனது. சோழன் முதலாம் பராந்தகன் "மதுரை கொண்ட" என்று பட்டம் போட்டுக்கொள்ளும்போது, தன் தாத்தன் சீமாறன் கொள்ளையிட்ட அதே ஈழத்திடம்தான் பாண்டியன் ராஜசிம்மன் உதவி கேட்டிருந்தான். படையும் வந்தது, வெள்ளூரில் சேர்ந்தே தோற்றார்கள். முடியோடு ஈழத்துக்குப் போனவன், அங்கே உதவி கிடைக்காமல், முடியை அங்கேயே வைத்துவிட்டுத் தாய்வீடான சேர நாட்டுக்குப் போய்விட்டான்.

இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டில் அரசன் புகழ் பாடும் பகுதியில், "முன்னவர் பக்கல் தென்னவர் வைத்த சுந்தர முடியும் இந்திரன் ஆரமும்" என்று ஒரு வரி வரும். நூறு வருடம் போல அங்கே கிடந்த அந்த முடியைச் சோழன் எடுத்து வந்ததைச் சொல்கிற வரி அது. போனில் சேமித்து வைத்துக்கொண்டு, சேதுக்கரையில் தெற்கே பார்த்துப் படியுங்கள்.