சிட்னியில் இருந்து ஒரு நாள் டூர்: மலைக்கு ரயில், ஒயினுக்கு வேன்

ஓபரா ஹவுஸ் முன்னால் நின்று போட்டோ எடுத்து முடித்த மறுநாள் எல்லோருக்கும் வரும் கேள்வி, அடுத்து எங்கே? மேற்கே ப்ளூ மவுண்டன்ஸ், வடக்கே ஹண்டர் வேலி திராட்சைத் தோட்டங்கள். காலையில் கூட்டிக்கொண்டு போய் சாயங்காலம் கொண்டுவந்து விடும் டூர்கள் இரண்டுக்குமே ஏராளம். ஒரு டூருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் என் ஓட்டு ஹண்டர் வேலிக்கு. மலைக்கு ரயிலிலேயே போய்க்கொள்ளலாம்.

ப்ளூ மவுண்டன்ஸில் இறங்க வேண்டிய ஊர் கட்டூம்பா, சிட்னியில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர். சிட்னி சென்ட்ரல் ஸ்டேஷனில் ஏறினால் இரண்டு மணி நேரம், நகரத்தில் தட்டுகிற அதே ஓபல் கார்டுதான். சிட்னியின் மேற்கே பாராமட்டா பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் அங்கேயே ஏறலாம், டூர் பஸ் என்றால் விடியற்காலையில் நகரத்துக்குள் போய் அதைப் பிடித்து, திரும்ப மேற்கே வந்த வழியிலேயே போக வேண்டியிருக்கும், இது தேவையா? ஸ்டேஷனில் இறங்கியதும் 686ஆம் எண் பஸ், பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடமான எக்கோ பாயிண்டுக்கும், சரிவு ரயில் இருக்கும் சீனிக் வேர்ல்டுக்கும் போகும். சனி ஞாயிறில் மட்டும் தண்டவாள வேலை இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள், இருந்தால் ரயிலுக்குப் பதில் பஸ்தான்.

ரயிலில் போவதில் இன்னொரு லாபம், பனிமூட்டம். முதல் தடவை நான் டூரில்தான் போனேன். எக்கோ பாயிண்டில் மூன்று சகோதரிகள் பாறை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வேட்டி விரித்த மாதிரி மூட்டம், வழிகாட்டி கொடுத்தது இருபது நிமிடம், அது விலகுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. சொந்தமாகப் போனால் பக்கத்து ஊரான லூராவில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்ப வந்து பார்க்கலாம், அந்த மலையில் மூட்டம் ஒரு மணி நேரத்தில் கலைவதும் உண்டு.

சரி, மலைக்கு டூரே வேண்டாமா என்றால் அப்படியும் இல்லை. முட்டி வலிக்கிற அப்பா அம்மா ஊரில் இருந்து வந்திருக்கிறார்கள், கூடவே சின்னப் பிள்ளைகள், கங்காருவும் கோலாவும் அதே நாளில் பார்க்க வேண்டும் என்றால் டூர்தான் வசதி, பலதும் போகிற வழியில் ஒரு விலங்குப் பூங்காவில் நிறுத்தும். ஆனால் சீனிக் வேர்ல்டு டிக்கெட் டூர் விலையில் சேர்த்தியா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். நிலக்கரி எடுக்கப் போட்ட பாதையில், 52 டிகிரி சரிவில் இறங்குகிற ரயில் அங்கேதான் இருக்கிறது. விளம்பரப் படத்தில் அது இருக்கும், விலையில் பல சமயம் இருக்காது.

இப்போது ஹண்டர் வேலி. போக்கொல்பின் பக்கத் தோட்டங்கள் சிட்னியில் இருந்து 160 கிலோமீட்டர் வாக்கில், காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். தோட்டங்கள் வரைக்கும் ரயில் கிடையாது. காரை வாடகைக்கு எடுத்தால் யாராவது ஒருவர் குடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், இங்கே ஓட்டுகிறவர் ரத்தத்தில் ஆல்கஹாலுக்குச் சட்ட வரம்பு 0.05, ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கும் புதிதாக லைசென்ஸ் வாங்கிய பி பிளேட்காரர்களுக்கும் பூஜ்யம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தோட்டத்தில் ருசி பார்க்க ஆறு வகை, வகைக்கு 20 மில்லி, நாலு இடம் என்றால் கிட்டத்தட்ட அரை லிட்டர் ஒயின். "சும்மா ருசிதானே பார்த்தேன்" என்று போலீஸிடம் சொல்ல முடியாது.

அதனால் டூர். எத்தனை தோட்டம் என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். போக வர ஐந்து மணி நேரம், ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றுவதில் இன்னும் ஒன்று, மிச்ச நேரத்தில் ஐந்து தோட்டம் என்றால் ஓட்டம்தான். மூன்று போதும். பெரிய பஸ்ஸை விட இருபது பேருக்குள் ஏறும் வேன் நல்லது, ஊற்றிக் கொடுப்பவரிடம் கேள்வி கேட்க இடம் இருக்கும். ருசி பார்க்கும் கட்டணமும் மதியச் சாப்பாடும் விலையில் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே, முட்டை மீன் கூடாது என்பது வரை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தட்டில் இலையும் சீஸும்தான் வரும்.

அங்கே போய் செமிலான் குடிக்காமல் வராதீர்கள், அதுதான் அந்த மண்ணின் பெயர் பெற்ற வெள்ளை ஒயின். இளசாக இருக்கும்போது எலுமிச்சை மாதிரி சுரீரென்று இருக்கும், பத்து வருடம் பாட்டிலில் கிடந்தால் தேனும் டோஸ்ட்டும் மணக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஊற்றச் சொல்லிக் கேளுங்கள். சிவப்பில் ஷிராஸ். எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதில்லை, துப்புவதற்கு ஜாடி வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குடிக்காதவர்களுக்கு சீஸ் கடை, சாக்லேட் கடை, தோட்டங்களுக்குப் பின்னால் புரோக்கன்பேக் மலைத்தொடர் எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒயின் இல்லாத டிக்கெட்டுக்கு விலை குறைப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அறுவடை ஜனவரி, பிப்ரவரியில், வெயில் மண்டையைப் பிளக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொடிகள் மொட்டையாக நிற்கும். இலை நிறம் மாறுகிற ஏப்ரல், மே மாதங்கள்தான் எனக்குப் பிடித்தவை. வார நாளாகப் பாருங்கள், சனிக்கிழமை என்றால் கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக் கும்பல் ஏதாவது ஒன்று பாடிக்கொண்டே பக்கத்து மேஜைக்கு வரும்.