ஒரே மேசையில் ஜெபிப்பவரும் ஜெபிக்காதவரும்: மதித்துப் பழகச் சில வழிகள்

எங்கள் வீட்டு மேசைக்குக் காப்பி வந்ததும் அம்மா கண்களை மூடிக்கொள்வார். அரை நிமிடம்கூட ஆகாத அந்த ஜெபம் முடிந்து அவர் ‘ஆமென்’ என்று சொல்லும்வரை, கடவுள் இல்லை என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் என் அண்ணன் தம்முடைய டம்ளரைத் தொட மாட்டார். அவர் கண்களை மூடுவதில்லை, தலையைக் குனிவதில்லை, ‘ஆமென்’ சொல்வதுமில்லை. காப்பி ஆறினாலும் அம்மா முடிக்கட்டும் என்று காத்திருப்பார். அம்மாவும் அவரைப் பார்த்து, ‘நீயும் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணேன்’ என்று கேட்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்த அரை நிமிட ஒழுங்குக்கு வந்து சேர்வதற்குள் பத்தாண்டுகளுக்கும் மேலாக நாங்கள் ஒருவரையொருவர் நோகடித்திருக்கிறோம். பாளையங்கோட்டையில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. நான் விசுவாசி, அண்ணன் பகுத்தறிவாளர், அவருடைய மகள் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்பவள்.

தமிழ்நாட்டில் இத்தகைய வீடுகள் அரிதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு, 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் காற்றுப் படாத ஊரும் இங்கே குறைவு. இவ்விரண்டும் ஒரே குடும்பத்திலோ விடுதி அறையிலோ அலுவலகத்திலோ சந்திக்கும்போது, மனம் முறியாமல் எப்படிப் பழகலாம் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவற்றிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

கடவுள் இல்லை என்று முடிவுக்கு வந்தவர் நாத்திகர். கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிந்ததாகச் சொல்ல எனக்குச் சான்று இல்லை என்பவர் அறியவியலாமைக் கொள்கையர். இந்த இரண்டாவது நிலைக்கு ஆங்கிலத்தில் ‘அக்னாஸ்டிக்’ என்ற பெயரை 1869இல் உருவாக்கியவர் உயிரியலாளர் டி. எச். ஹக்ஸ்லி. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லக்கூடாது என்ற அறிவு நேர்மையை அவர் ஒரு கொள்கையாகவே வைத்தார். ஆகவே அப்படிப்பட்டவரைப் பார்த்து, ‘இன்னும் முடிவெடுக்கவில்லையா?’ என்று கேட்பது அவர் எடுத்த முடிவையே காணாததற்குச் சமம். எங்கள் வீட்டில் என் அண்ணன் மகள்தான் இதில் அதிகம் அவதிப்பட்டாள். அவள் ஒருநாள் சபைக்கு வந்துவிடுவாள் என்று நானும், தைரியம் வந்தால் நாத்திகராகிவிடுவாள் என்று அவள் அப்பாவும் நினைத்திருந்தோம். அவள் நின்ற இடத்தை நாங்கள் இருவருமே கடந்துபோகும் வழியாகத்தான் பார்த்தோம்.

நாத்திகர்களும் ‘கிறிஸ்தவர்கள் எல்லாரும்’ என்று பேச்சைத் தொடங்குவதைத் தவிர்க்க வேண்டும். கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பிரிவுகள் பல. ஒருவர் திருமுழுக்கு என்பதை மற்றவர் ஞானஸ்நானம் என்பார். உலகம் ஆறே நாளில் படைக்கப்பட்டது என்பதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவரும் உண்டு, பரிணாமக் கொள்கையை ஏற்று நாளும் ஜெபிக்கிறவரும் உண்டு. விரிவடையும் பிரபஞ்சத்தைப் பற்றி 1927இல் கட்டுரை எழுதிய ஜார்ஜ் லெமேத்தர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். எதிரில் இருப்பவர் எதை நம்புகிறார் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி வாக்குவாதம் எழாமலே போகும்.

இரண்டு வசைகளையும் கீழே வையுங்கள்

பெரியார் சிலைகளின் பீடத்தில் காணப்படும் வாசகம் கடவுளை வணங்குகிறவனைக் காட்டுமிராண்டி என்கிறது. 14ஆம் சங்கீதத்தின் முதல் வசனம், தேவன் இல்லை என்று தன் இருதயத்தில் சொல்லிக்கொள்பவனை மதிகேடன் என்கிறது. எங்கள் வீட்டில் சண்டை முற்றும்போதெல்லாம் இவ்விரண்டும் கல்லைப் போல எடுத்து வீசப்பட்டன. அண்ணனுக்கு வசனம் மனப்பாடம், எனக்கு வாசகம் மனப்பாடம். இரண்டிலும் முதல் வரிக்கு மேல் நாங்கள் போனதில்லை.

பிறகு ஒருநாள் அந்தச் சங்கீதத்தை முழுவதும் உட்கார்ந்து வாசித்தேன். நான்காம் வசனத்தில், அப்பத்தைத் தின்பதுபோல் ஜனங்களைத் தின்கிறவர்கள் என்று வருகிறது. ஆறாம் வசனத்தில் சிறுமைப்பட்டவனுடைய ஆலோசனையை அவமதிக்கிறவர்கள் வருகிறார்கள். ஏழைகளை விழுங்கி வாழ்பவனின் இருதயத்தைப் பற்றிய பாடல் அது. சாதியொழிப்புக் கூட்டம் முடிந்து இரவு பதினோரு மணிக்குச் சைக்கிளில் வீடு திரும்பும் என் அண்ணனை நோக்கி அதை வீசியது என் தவறு. அதேபோல, பெரியாரின் கடுஞ்சொல்லுக்குப் பின்னால் கடவுளின் பெயரால் மனிதர்களைக் கோயிலைச் சுற்றிய தெருவில்கூட நடக்கவிடாத ஒரு சமூகம் இருந்தது. அந்தத் தெருக்களுக்காக 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய கேரளத் தலைவர்கள் சிறைக்குப் போனபின்தான் பெரியார் அங்கே சென்றார். சிறைக்குப் போன அந்தத் தலைவர்களில் ஒருவர் சிரியன் கிறிஸ்தவரான ஜார்ஜ் ஜோசப். மதுரைப் பக்கத்து மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று இன்றும் அன்போடு நினைவுகூரும் வழக்கறிஞர். இதை அண்ணனிடம் சொன்னபோது, அவருக்கும் அது புதிய செய்தியாக இருந்தது.

பின்னணி தெரிந்துவிட்டால் வசை வசையாக இல்லாமல் போய்விடாது. அம்மாவைக் காட்டுமிராண்டி என்று சொல்வதை எந்தப் பின்னணியும் நியாயப்படுத்தாது. பொதுமேடையில் கொள்கையாகப் பேசுவதற்கும் வீட்டு மேசையில் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வதற்கும் வேறுபாடு உண்டு என்பதை இருவரும் ஒப்புக்கொண்டு, இவ்விரண்டு சொற்களையும் வீட்டுக்குள் எடுப்பதில்லை என்று வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அவர் வாயால் அவர் சொல்வதுபோல் நீங்கள் சொல்லிப் பாருங்கள்

இதுவே எங்களுக்கு மிக உதவிய பயிற்சி. மறுத்துப் பேசுவதற்கு முன், மற்றவருடைய நிலையை அவர் ‘ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்’ என்று தலையசைக்கும் அளவுக்கு நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். நான் முதலில் சொன்னது, ‘அண்ணனுக்குக் கடவுள்மேல் கோபம், அப்பா சீக்கிரம் இறந்துவிட்டதால்’ என்பது. அவர் தலையசைக்கவில்லை. இல்லாத ஒருவர்மேல் தமக்குக் கோபம் வர வழியில்லை என்றும், அப்பா இறப்பதற்கு முன்பே தாம் இம்முடிவுக்கு வந்துவிட்டதாகவும் சொன்னார். அப்பா மனம் நோகுமே என்று அதுவரை வெளியில் சொல்லாமல் இருந்திருக்கிறார். கூடப் பிறந்து வளர்ந்தும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அவர் என்னைப் பற்றிச் சொன்னதும் தவறாகவே இருந்தது. பயத்தினால்தான் நம்புகிறேன் என்றார். நம் முன்னோர் அரிசிக்காகவும் கோதுமைக்காகவும் வேதத்துக்கு வந்தவர்கள் என்றார். திருநெல்வேலி, தென்திருவிதாங்கூர்ப் பக்கங்களில் மதம் மாறிய ஒடுக்கப்பட்ட மக்கள் அதன்பின் எதற்காகவெல்லாம் போராடினார்கள் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். மேலாடை உடுத்தும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நீண்டது. மானத்துக்காக அடிவாங்கிய பாட்டிகளைப் பசிக்காக விலைபோனவர்கள் என்பது, சுயமரியாதையைப் பேசும் ஒருவருக்கு அழகல்ல என்று சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

அவர் திருப்பிக் கேட்டதும் நியாயமானது. சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி இரண்டு கால்களாகக் கட்டப்பட்ட வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலை எடுத்துச் சொல்லி, கிறிஸ்துவுக்குள் வேற்றுமை இல்லை என்று ஓதுகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்றார். இத்தகைய கேள்வியை விசுவாசத்தின்மேல் தொடுக்கப்பட்ட தாக்குதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடே, நாத்திகம் தோன்றுவதில் விசுவாசிகளின் தவறுகளுக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்கிறது. சபையின் தவறைச் சபையின் தவறு என்று நாமே முதலில் சொல்லிவிட்டால் பேச்சு நேர்மையாக நடக்கும்.

முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எழுதிக் கொடுங்கள். சார்லஸ் டார்வினின் மனைவி எம்மா ஆழ்ந்த விசுவாசி. 1839இல் திருமணமான சிறிது காலத்திலேயே, கணவரின் ஐயங்களால் நித்தியத்தில் தாங்கள் பிரிய நேருமோ என்ற அச்சத்தை அவர் கடிதமாக எழுதிக் கொடுத்தார். டார்வின் மனம் மாறவில்லை. பிற்காலத்தில் ஹக்ஸ்லி உருவாக்கிய பெயரே தமக்குப் பொருந்தும் என்றார். ஆனால் அக்கடிதத்தை வாழ்நாள் முழுதும் பத்திரப்படுத்தியிருந்தார். தாம் இறந்தபின் எம்மா அறியட்டும் என்று, இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என அதில் எழுதி வைத்திருந்தார். நாற்பத்துமூன்று ஆண்டுகள் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். டார்வின் தம் ஊர்ச் சபைக் குருவானவருடன் நெருங்கிய நட்பில் இருந்து, ஊரின் உதவிச் சங்கக் கணக்குகளையும் பார்த்துக்கொண்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜெப வேளையிலும் ஆலயத்திலும்

மறுப்பவரை ஜெபம் நடத்தச் சொல்லாதீர்கள். விருந்தினர் முன்னால் சொன்னால் மறுக்க மாட்டார் என்று கணக்குப் போட்டுச் சொல்வது இன்னும் மோசம். அவர் எழுந்து நின்றால் அதை மரியாதையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மனமாற்றத்தின் தொடக்கம் என்று மறுநாள் அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள். மறுப்பவரும் திருமணத்துக்கோ அடக்க ஆராதனைக்கோ ஆலயம் வந்தால், அனைவரும் நிற்கும்போது நின்று உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். திருவிருந்து வாங்க முன்னே போகக்கூடாது. இருக்கையிலேயே இருப்பதை யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை, பதவியேற்பவர் ஆண்டவன் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறது. அதே தாராளத்தை வீட்டிலும் காட்டலாம்.

நோய்ப் படுக்கையில்தான் நான் மிகவும் தவறினேன். அண்ணனுக்கு இருதய அறுவை சிகிச்சை நடக்கவிருந்த காலையில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அண்ணே, இப்பவாவது ஆண்டவரைத் தேடுங்க’ என்றேன். அவர் பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்பினால்தான் சொன்னேன், ஆனால் பயந்திருக்கும் மனிதரின் பயத்தை என் நோக்கத்துக்குப் பயன்படுத்தினேன் என்பது அந்த முதுகைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வார்டுக்குத் திரும்பிய பின் மன்னிப்புக் கேட்டேன். ‘நீ எனக்காக ஜெபிப்பேன்னு தெரியும். அதை உன் அறையில செய். இங்க எனக்குக் கஞ்சி கொண்டு வா’ என்றார். அன்றுமுதல் அதையே விதியாக வைத்திருக்கிறேன். ‘உனக்காக ஜெபிக்கிறேன்’ என்று ஒருமுறை சொல்வது அக்கறை. அவர் முன்னால் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபிக்க வேண்டுமென்றால் அவருடைய அனுமதி வேண்டும். அதே வார்த்தையைக் கேட்கும் நாத்திகரும், ‘அதனால் என்ன பயன்?’ என்று கேட்காமல், ‘நன்றி’ என்று ஏற்றுக்கொள்ளலாம். சொல்பவர் தம்மிடம் உள்ள மிகப் பெரியதைக் கொடுக்கிறார்.

திருமணமும் குழந்தைகளும்

இங்கே சட்டத்தை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவு இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கே பொருந்தும். ஒருவர் கிறிஸ்தவர் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ், முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்யலாம். 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். ஆனால் ஆலயத்தில் நடத்தச் சபையின் விதிகளும் இடங்கொடுக்க வேண்டும். கத்தோலிக்கராக இருந்தால், திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு தேவை. பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பினர் வாக்களிப்பார். அது மற்றவருக்கும் தெரிவிக்கப்படும். அந்த வாக்குறுதியைப் பற்றி நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். தொட்டில் அருகே நின்று பேசத் தொடங்கினால் இரண்டு வீட்டாரும் அதற்குள் நுழைந்துவிடுவார்கள்.

பிள்ளைகளிடம் மற்றவரைக் குறைத்துப் பேசாதீர்கள். ‘பாட்டி இப்படி நம்புகிறார், அப்பா இப்படி நினைக்கிறார், நீ வளர்ந்து யோசித்துப் பார்’ என்ற பதில் எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் போதுமானதாக இருந்தது.

இறுதிக் காரியங்களை எழுதி வையுங்கள்

பல ஆண்டுகள் காத்த மரியாதை இறந்த வீட்டில் ஒரே மணி நேரத்தில் உடைந்துவிடக்கூடும். சடங்கு வேண்டாம் என்று வாழ்ந்தவருக்கு உறவினர் அடக்க ஆராதனை ஏற்பாடு செய்வதும், வேதவசனத்தோடு போக விரும்பியவரை மகன் கொள்கைப்படி எரியூட்டுவதும் ஒரே அளவு அநியாயம்தான். என் அண்ணன் தம் உடலை அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க விரும்புகிறார். குடும்பத்தார் ஒப்புக்கொண்டு கல்லூரிக்குத் தெரிவித்தால்தான் அது நடக்கும்; கண்களை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஆகவே விருப்பத்தை எழுதிக் கையெழுத்திடுவதோடு நில்லாமல், கொள்கையில் மாறுபட்ட உறவினர் ஒருவரிடமே அதை நிறைவேற்றும் பொறுப்பை ஒப்படையுங்கள். அண்ணனுடைய தாளை நான் வைத்திருக்கிறேன். கல்லூரியின் உடற்கூறியல் துறை எண்ணும் கண் வங்கி எண்ணும் அதில் இருக்கின்றன. எனக்குப் பாட வேண்டிய பாமாலைகளின் எண்களும் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்து இடத்தின் விவரமும் எழுதிய தாள் அவரிடம் இருக்கிறது. பாட்டு எதையும் விட்டுவிடக்கூடாது என்று சொன்னபோது, ‘எத்தனை சரணம்?’ என்று கேட்டு அதையும் குறித்துக்கொண்டார்.