ரெடிஸைத் தொகுக்கும்போது நினைவக ஒதுக்கியைத் தேர்ந்தெடுத்தல்

தரவுத்தள மென்பொருளான ரெடிஸ் தன் தரவு முழுவதையும் ரேமிலேயே வைத்திருப்பதால், அந்த நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் ஒதுக்கி எது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். அதைத் தீர்மானிப்பது அமைவுக் கோப்பு அன்று, மூலநிரலைத் தொகுக்கும் நேரம்தான்.

லினக்ஸில், மூலநிரலைத் தொகுக்கும் மேக் கட்டளையை வேறு எதுவும் சேர்க்காமல் ஓட்டினால், மூலநிரலோடு டெப்ஸ் கோப்புறையில் வரும் ஜெமாலோக் என்ற ஒதுக்கி இணைக்கப்படும். ஜேசன் எவன்ஸ் 2005இல் உருவாக்கி ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் சேர்த்த ஒதுக்கி இது. பல அளவுகளில் மதிப்புகள் மாதக்கணக்கில் எழுதப்பட்டும் அழிக்கப்பட்டும் வரும்போது, இடையிடையே பயன்படாத ஓட்டைகள் விழுந்து, தரவு குறைந்த பிறகும் ரேம் இயங்குதளத்திடம் திரும்பாமல் நிற்கும். ஒத்த அளவுத் துண்டுகளை ஒன்றாக வைக்கும் ஜெமாலோக்கில் இந்தச் சிதறல் குறைவு. ஆகவே தக்க காரணமின்றி அதை மாற்ற வேண்டாம். நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரைண்ட் கருவி கொண்டு பிழை தேடுவது அத்தகைய காரணம். அப்போது மேக் கட்டளையில் மாலோக் என்னும் மாறிக்கு லிப்சி (கணினியின் சி நூலகத்திலுள்ள ஒதுக்கி) என்ற மதிப்பைக் கொடுக்கலாம்.

சி தொகுப்பி இல்லாத கணினியில் முதல் முயற்சி தோற்றபின், தொகுப்பியை நிறுவி மீண்டும் மேக் ஓட்டினால், ஜெமாலோக்கின் தலைப்புக் கோப்பைக் காணவில்லை என்ற பிழை வரும். உடனே லிப்சிக்கு மாறச் சொல்லும் அறிவுரை பரவலாக உள்ளது. பிழை மறையும், ஆனால் நல்ல ஒதுக்கியும் சேர்ந்தே போய்விடும். முந்தைய முயற்சியின் மிச்சங்களே பிழைக்குக் காரணம் என்பதால், மேக் டிஸ்ட்கிளீன் கொடுத்து அனைத்தையும் துடைத்துவிட்டுத் தொடங்குவதே சரியான வழி. கொடுத்த தேர்வுகளை மேக் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், டிஎல்எஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு) போன்ற தேர்வுகளை மாற்றும்போதும் இதையே செய்யுங்கள்.

ஏஆர்எம் வகைச் செயலி கொண்ட கணினிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நினைவகப் பக்கத்தின் (இயங்குதளம் ரேமைப் பிரித்துக் கையாளும் துண்டின்) அளவு தொகுக்கும்போதே ஜெமாலோக்கினுள் பதிந்துவிடுவதால், 4 கேபி பக்கமுள்ள கணினியில் தொகுத்தது, 16 கேபி பக்கமுள்ள ராஸ்பெரி பை 5இல் தொடங்கியவுடனே நின்றுவிடும். ஓடப்போகும் கணினியிலேயே தொகுத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

வழங்கியைத் தொடங்கியபின் இன்ஃபோ மெமரி கட்டளையைக் கொடுத்து, ஒதுக்கியின் பெயர் காட்டும் வரியைப் பாருங்கள். அங்கேயே வரும் சிதறல் விகிதம் தரவில்லாத வழங்கியில் மிகப் பெரிதாகத் தெரியும். தரவு நிறைந்தபின்தான் அதற்குப் பொருள் உண்டு. ரெடிஸ் 4 முதல் கிடைக்கும், ஓடும்போதே சிதறலைச் சீராக்கும் வசதி, மூலநிரலோடு வரும் திருத்தப்பட்ட ஜெமாலோக்கில் மட்டுமே இயங்கும். லிப்சியுடன் தொகுத்திருந்தால் அதை இயக்க ரெடிஸ் மறுத்துவிடும்.