ரம்மியை விடும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம், ஆன்லைன் ரம்மி ஆடிக் கடன்பட்ட ஒரு தம்பி போன் செய்தான். “வீட்ல சொல்லிட்டேன்ணே, இனிமே பிரச்சினை இல்ல” என்றான்.

எவ்வளவு சொன்னே?

“மூணு லட்சம்.”

எவ்வளவு இருக்கு?

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அஞ்சே கால்ணே.”

கோபம் வந்தது. அவன்மேல் இல்லை, 2021-இல் அச்சு அசலாக இதையே செய்த என்மேல்.

கடன் வாங்கி ஆடாதே, விட்டதைப் பிடிக்கப் போகாதே என்றெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை. ஆடுகிறவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் ஆடுகிறான். விட்ட பிறகு செய்கிற தவறுகள்தான் மறுபடி உள்ளே இழுக்கின்றன.

பாதிக் கடனைச் சொல்வது

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் 18,000. கடன் 6,40,000. வீட்டில் சொன்னது 3,60,000. அதாவது வங்கிக் கடனும் கிரெடிட் கார்டும். சொல்லாமல் விட்டது: ஐந்து லோன் ஆப்கள், கூட வேலை பார்த்தவரிடம் வாங்கிய கைமாத்து, ஒரு மீட்டர் வட்டி.

எல்லோரும் மறைப்பது இந்த ரகத்தைத்தான், கவனித்துப் பாருங்கள். காகிதம் உள்ள கடனைச் சொல்லிவிடுவோம், மானம் போகிற கடனை மறைப்போம். ஆனால் வட்டி அதிகம் ஓடுவதும், நாளைக்கே வாசலில் வந்து நிற்பதும் அந்த மறைத்த கடன்தான்.

அம்மா 14 பவுனை அடகு வைத்து 3,60,000-ஐ அடைத்தார். “இதுதான் மொத்தமாடா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லோடு வீட்டில் உதவி கேட்கிற வழியை நானே அடைத்துவிட்டேன். மிச்சம் 2,80,000. லோன் ஆப்காரன் வாரத் தவணை கேட்கிறான். யாருக்கும் தெரியாமல், அவசரமாகப் பணம் புரட்ட எனக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று. பத்தொன்பதாம் நாள் மறுபடி டேபிளில் உட்கார்ந்தேன். இரண்டு மாதத்தில் அந்த 2,80,000 நாலரை லட்சமானது. அடகு வைக்க வீட்டில் வேறு நகை இல்லை.

சூதாட்டப் பழக்கத்தைக் கண்டுபிடிக்க இரண்டே கேள்விகள் கொண்ட ஒரு சோதனை உண்டு. பந்தயத் தொகையைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்று தோன்றியதா? எவ்வளவு ஆடினோம் என்பதை நெருங்கியவர்களிடம் மறைத்துப் பொய் சொன்னதுண்டா? இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். பாதிக் கடனைச் சொல்கிறவன் ஆட்டத்தை விட்டிருக்கலாம், நோயை விடவில்லை.

ஞாபகத்திலிருந்து கணக்குப் போடாதீர்கள். ஞாபகம் நமக்குச் சாதகமாகத் தள்ளுபடி கொடுக்கும். ஒரு வருட வங்கி ஸ்டேட்மென்ட், யுபிஐ வரலாறு, லோன் ஆப் குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து, இன்னொருவர் பக்கத்தில் உட்கார எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. வாங்கிய கடன்களெல்லாம் பதிவாகிற சிபில் அறிக்கை வருடத்துக்கு ஒருமுறை இலவசம். ஆனால் கைமாத்தும் கள்ள லோன் ஆப்களும் அதில் வராது. அந்தத் தம்பியை இப்படி எழுதச் சொன்னேன். அஞ்சே கால் என்றவனுக்குக் கூட்டினால் 6,10,000 வந்தது.

வீட்டாருக்கு ஒன்று: பணத்தை அவன் கையில் கொடுக்காதீர்கள். கடன் கொடுத்தவருக்கு நீங்களே நேராகக் கட்டுங்கள்.

ஒருமுறை ஜெயித்துவிட்டு நிறுத்துவது

நிறுத்தமாட்டீர்கள்.

“ரம்மி திறமை ஆட்டம்” என்று வாதாடுவது

உச்ச நீதிமன்றம் 1967-இலேயே அப்படித்தான் சொன்னது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. இரண்டு தீர்ப்பையும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும், அம்மாவிடமே ஒப்பித்திருக்கிறேன். நகை திரும்பி வரவில்லை. யார் ஜெயித்தாலும் டேபிளுக்கு ஒரு கமிஷனைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்பது எந்தத் திறமைக்கும் கட்டுப்படாது.

தடை வந்துவிட்டது என்று நம்பி இருப்பது

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆட முடியாது என்று விதி வந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களையே தடுத்துச் சட்டம் போட்டது, பெரிய செயலிகள் கடையைக் கட்டின. நல்லது. ஆனால் அந்த மாதமே டெலிகிராமில் இருந்து எனக்கு வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் வந்தது. அங்கே பணம் போவது முன்பின் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்கு. அந்தக் கணக்கு ஏதாவது மோசடி வழக்கில் சிக்கினால், உங்கள் கணக்கையும் சேர்த்து முடக்க வாய்ப்புண்டு. சம்பளம் விழுகிற கணக்கு முடங்கினால் என்னாகும் என்று யோசியுங்கள்.

ஆப்பை மட்டும் அழிப்பது

நான் பதினோரு முறை அழித்தேன்.

தனியாகவே சமாளிப்பது

2013-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் சூதாட்டத்தை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் வைத்தது. குடிகாரருக்குக் கை நடுங்குவதுபோல நமக்கும் உண்டு. எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாமல் வீட்டில் சண்டை. முதல் சில வாரங்கள் மோசம். 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம், அப்போதே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரை எழுப்புங்கள்.

எனக்கு ஆபத்தான நேரம் இரவு பதினொன்று. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒரு பட்டன் போனோடு படுத்தேன். 14416-ஐக் கூப்பிடவும், காலை ஷிப்டுக்கு அலாரம் வைக்கவும் அது போதுமாக இருந்தது.