பாட்டியின் சமையல் நோட்டு: பழைய அளவில் இன்றைய சமையல்

பரணிலிருந்து எடுத்த நோட்டை நேராக அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அச்செடுத்த நகலைச் சமையலறையில் வையுங்கள். கிழிந்த தாளுக்கு செலோடேப் ஒட்ட வேண்டாம். நாளடைவில் பசை மஞ்சளித்து எழுத்தையே கறையாக்கிவிடும். லேமினேஷனும் வேண்டாம், ஒருமுறை போட்டால் பிரிக்க முடியாது.

அடுத்த வேலை படிப்பது. மிகப் பழைய கையெழுத்தில் எண்களும் தமிழிலேயே இருக்கும். ‘மி.வத்தல் அ’ என்றால் எட்டு மிளகாய். க ஒன்று, ங மூன்று, ச நான்கு, ரு ஐந்து, சு ஆறு, எ ஏழு, ய பத்து. வ என்றால் கால். உ இரண்டுதான், ஆனால் பக்கத்தின் தலையில் தனியாக நிற்கும் உ பிள்ளையார் சுழி.

எடைதான் பலரும் தடுக்கி விழும் இடம். மெட்ரிக் முறைக்கு 1956இல் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய பழக்கத்தில் எழுதியவர்கள் வீசை, பலம் என்றே எழுதினார்கள். சென்னை மாகாணக் கணக்கில் ஒரு ரூபாய் எடை (ஒரு தோலா) 11.66 கிராம். மூன்று ரூபாய் எடை ஒரு பலம், சுமார் 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. ஒரு பலத்தில் பத்து விராகனெடை, ஒன்று 3.5 கிராம்.

அரிசி, பருப்பை முகந்து அளக்கும் ஆழாக்கு ஊருக்கு ஊர் மாறும். 168 மில்லியும் உண்டு, 200ஐத் தாண்டியதும் உண்டு. வீட்டில் பழைய பித்தளை ஆழாக்கு கிடந்தால் தண்ணீர் நிரப்பி, தண்ணீரை மட்டும் எடை போடுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, ஒரே கிண்ணத்தால் எல்லாவற்றையும் அளந்தால் விகிதம் தப்பாது. அன்றாடச் சமையலுக்கு நோட்டிலிருந்து நமக்குத் தேவை விகிதம்தான், அளவு அல்ல.

சாம்பார் பொடியைப் பாருங்கள். கூட்டுக் குடும்பத்துக்கு வருஷப் பொடி இப்படி இருக்கும்: மிளகாய் 2 வீசை, தனியா 3 வீசை, துவரம்பருப்பு 20 பலம், மிளகு 20 பலம், வெந்தயம் 5 பலம், மஞ்சள் 5 பலம். ‘வீசை’ வரும் இடத்தில் ‘பலம்’ என்று போட்டால் நாற்பதில் ஒரு பங்கு ஆகிவிடும்; மற்றதையும் நாற்பதால் வகுக்க வேண்டும். மிளகாய் 70 கிராம், தனியா 105, துவரம்பருப்பும் மிளகும் தலா 17, வெந்தயமும் மஞ்சளும் தலா 4. இருநூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதலான பொடி, சின்னக் குடும்பத்துக்குச் சில வாரம் வரும்.

அன்று வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்தார்கள். மிக்சிக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சிறுதீயில் வறுக்க வேண்டும். வெந்தயம் செம்பொன் நிறத்தைத் தாண்டிக் கருகினால் பொடி முழுக்கக் கசக்கும், திருத்த வழியில்லை. நன்றாக ஆறிய பிறகே அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் ஆவி கோத்துக் கட்டி தட்டும். மிளகாய் இன்றைக்கு வேறு காரம், ஆகையால் முதல் தடவை கால் பங்கு குறைத்துப் போடுவது நல்லது.

‘எலுமிச்சம்பழ அளவு புளி’ கொட்டையும் நாரும் சேர்ந்த புளியைச் சொல்கிறது. கொட்டை நீக்கிய புளி என்றால் அதில் முக்கால் பங்கு போதும். சுண்டைக்காய் அளவு பெருங்காயம் என்பது எண்ணெயில் பொரித்த கட்டிக்கு. இன்றைய தூளில் மாவும் கோந்தும் கலந்திருப்பதால் அரை டீஸ்பூனில் தொடங்கி வாசம் பார்த்துக் கூட்டுங்கள். கல்லுப்பு ஒரு ஸ்பூன் என்றால் தூளுப்பு முக்கால் ஸ்பூன். தூள் நெருங்கி உட்காரும், எடை கூடும்.

‘கொதி வந்ததும் இறக்கவும்’ என்ற வரியை அப்படியே நம்பாதீர்கள். கல்சட்டி சூட்டை விடாது, இறக்கிய பின்னும் வத்தக்குழம்பு அதற்குள் கொதித்துச் சுண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் அது நடக்காது. எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை இன்னும் எட்டுப் பத்து நிமிடம் சிறுதீயில் விட வேண்டும். இந்த ஒன்றைத் தவறவிடுவதால்தான் ‘பாட்டி கைமணம் வரலை’ என்று பல வீடுகளில் நோட்டை மூடிவிடுகிறார்கள்.

ஒரு குறிப்பைச் செய்ததும் கிராம், பாத்திரம், நேரம் மூன்றையும் நகலின் ஓரத்தில் எழுதுங்கள். மறுமுறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புளியையும் காரத்தையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

ஊறுகாய்ப் பக்கங்கள் கடைசியில். அங்கே உப்பும் எண்ணெயும் ருசிக்கு மட்டுமல்ல, கெடாமல் இருக்கவும்தான். உப்பைக் குறைத்தால் வெளியே வைத்த ஜாடியில் பூஞ்சை பிடிக்கும். குறைத்தே ஆகவேண்டும் என்றால் கால் கிலோ மாங்காயில் மட்டும் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.